ஏ என்றொரு ஊர்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "நான் மெக்கானிக்கல்காரன், எனக்கென்ன எழுதத் தெரியும்?" என்று நழுவப் பார்த்தேன். "வெளிநாடு போனியே, அதை எழுதுப்பா" என்றார் நம் சீனியர். அதனால் வந்த வினை இது. பொறுத்தருள்க.

வேலை நிமித்தமாக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் சில மாதங்கள் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன் வேலை பார்க்கும் நண்பரின் காரில் தெற்கே டம்ஃபிரீஸ் பக்கம் கிளம்பினோம். அந்த ஊருக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் ஒரு பெயர்ப்பலகை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. உச்சரிப்பு நம்ம 'ஏ'. ஓரெழுத்து ஒருமொழி நடத்தும்போது, ஏ என்றால் அம்பு என்று தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. அங்கே அது ஓர் ஆற்றின் பெயர். ஊருக்கும் காட்டுக்கும் அதுவே பெயர்.

சுற்றிலும் கரும்பச்சையாக ஊசியிலை மரங்கள், நடுவில் கொஞ்சம் வீடுகள், ஆள் அரவமே இல்லை. ஏதோ ஐந்நூறு வருஷத்துப் பழைய கிராமம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வீடுகளைப் பார்த்தால் நம்ம ஊர் குவார்ட்டர்ஸ் சாயல். விசாரித்தால் அதுவேதான்! 1947-இல் பிரிட்டிஷ் வனத்துறை ஆணையம் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர் அது. கிளென்ட்ரூல், டலாவிச் என்று இன்னும் சில ஊர்களும் அப்படிக் கட்டப்பட்டவைதான்.

காடும் பழையதல்ல. நூறு வருஷத்துக்கு முன் அந்த மலைகளில் ஆடுதான் மேய்ந்தது. முதல் உலகப் போர் வந்தபோது பிரிட்டனில் காடு என்று இருந்தது மொத்த நிலத்தில் 5 சதவீதம் அளவுக்குத்தான். மரமெல்லாம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியதும் திண்டாட்டம். மரம் இல்லையென்றால் நிலக்கரிச் சுரங்கத்தின் கூரைக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை இல்லை. கட்டை இல்லையென்றால் கரி இல்லை. கரி இல்லையென்றால் ரயிலும் இல்லை, ஆலையும் இல்லை. அந்தப் பயத்தில் 1919-இல் பிறந்ததுதான் அந்த ஆணையம்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. காடு வளர்க்கும் கலையைப் பிரிட்டிஷ்காரர்கள் பெரிய அளவில் பழகியது நம் நாட்டில்தான். 1856-இல் சென்னை மாகாணத்துக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற கிளெகார்ன், சென்னையிலேயே பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இந்திய வனத்துறையின் தலைமைப் பதவியில் இருந்த ஷ்லிக் என்ற ஜெர்மானியர், 1885-இல் இங்கிலாந்து போய்க் காடு வளர்ப்பு சொல்லிக்கொடுத்தது எங்கே தெரியுமா? கூப்பர்ஸ் ஹில் என்ற இன்ஜினீயரிங் காலேஜில்! இந்தியப் பொதுப்பணித் துறைக்கு ஆள் தயாரித்த கல்லூரி அது. பிறகு அவர் ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே அவரிடம் படித்த ராய் ராபின்சன்தான் 1932 முதல் 1952 வரை அந்த ஆணையத்தின் தலைவர். 'ஏ' கிராமம் எழுந்தது அவர் காலத்தில்.

நட்டதில் பெரும்பங்கு ஸிட்கா ஸ்புரூஸ் என்ற வட அமெரிக்க மரம். 1831-இல் டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். சொதசொதவென்ற மண்ணில் சால் ஓட்டி, தண்ணீரை வடித்து, மேட்டில் கன்று வைப்பார்கள். மரம் மளமளவென்று உயரும், ஆனால் அந்த ஈர மண்ணில் வேர் ஆழம் போகாது. பெருங்காற்று அடித்தால் அடியோடு சாய்ந்துவிடும். ஃபவுண்டேஷன் சரியில்லாமல் மாடி எடுத்த கதை, சிவில் நண்பர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நடுவதற்கு ஆள், களையெடுக்க ஆள், வெட்ட ஆள் என்று நிறையப் பேர் தேவைப்பட்டதால்தான் ஊரையே கட்டினார்கள். பிறகு மோட்டார் ரம்பம் வந்தது. அப்புறம் ஹார்வெஸ்டர். ஒரே ஆள் கேபினில் உட்கார்ந்தபடி மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை கழித்து, அளந்து துண்டு போட்டுவிடுவார். எல்லாம் ஒரு நிமிஷ வேலை. இன்று அந்தக் காட்டுக்கு வருகிறவர்களில் பலர் மலைப்பாதையில் சைக்கிள் விட வருகிறவர்கள்.

வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்பா அங்கே கன்று நட்டவராம். அதே சரிவில் நாற்பது வருஷம் கழித்து இவர் ரம்பம் பிடித்திருக்கிறார். "அப்பா நட்டதை நான் வெட்டினேன். மறுபடி நட்டோம். அதை வெட்ட நான் தேவைப்படவில்லை" என்றார் சிரித்துக்கொண்டே. பையன் எடின்பரோவில் ஏதோ ஆபீஸில் இருக்கிறானாம்.

"ஊர் ரொம்ப அமைதியா இருக்கே" என்றேன், பாராட்டாக.

"முன்பெல்லாம் இப்படி இருக்காது. காலையில் வண்டி வரும், ஒரே சத்தமாக இருக்கும்" என்றவர், "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் பார்ப்பது ஹைட்ராலிக்ஸ். கனரக இயந்திரங்களின் கைகளுக்கு வால்வும் கன்ட்ரோலும் வடிவமைப்பது. ஹார்வெஸ்டரின் கையும் அந்த ஜாதிதான். மற்ற இடங்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் வேலை. அங்கே என்னவோ நாக்கு எழவில்லை. "இன்ஜினீயர்" என்று மட்டும் சொன்னேன். "நல்ல படிப்பு" என்றார். வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

திரும்பும் வழியில், வெட்டிய மரத்தை அடுக்கிக்கொண்டு ஒரு லாரி எங்களுக்கு எதிரே வந்தது. பாதை குறுகல். நண்பர் காரை ஓரங்கட்டி வழிவிட்டார்.