'கேஸ் மாத்திரை' என்று வாங்கிப் போடுறீங்களா? குமட்டல், வயிறு உப்புசத்துக்கான மருந்துகள் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரெண்டு இட்லி சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது. மத்தியானம் சாப்பிட்டது ராத்திரி வரை நெஞ்சிலேயே நிற்கிற மாதிரி இருக்கிறது. ஏப்பம், குமட்டல், சில நாள் வாந்தி. இப்படி இருந்தால் நம்மில் பலர் முதலில் போவது டாக்டரிடம் அல்ல, தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குத்தான். "அண்ணே, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க" என்றால் வேலை முடிந்தது.

அப்படிக் கையில் வரும் கேப்ஸ்யூலில் பல நேரங்களில் இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று பான்டோபிரசோல் அல்லது ரபிபிரசோல். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது இதன் வேலை. இன்னொன்று டோம்பெரிடோன். பிரச்சினை இந்த இரண்டாவது மருந்தில்தான். இது கேஸைக் குறைக்கும் மருந்தே அல்ல. குமட்டலை அடக்கி, இரைப்பையில் இருக்கும் உணவைக் கீழே தள்ள உதவும் மருந்து. யாருக்குத் தேவையோ அவர்களுக்கு நல்ல மருந்துதான். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள், கூடவே வேறு என்ன மாத்திரை என்பதில் கவனம் தேவைப்படும் மருந்து.

வயிறு ஏன் மந்தமாகிறது?

சாப்பிட்ட உணவை இரைப்பை நன்றாக அரைத்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. இந்த வேலையை நடத்துவதில் மூளையில் இருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்புக்கு முக்கியப் பங்கு உண்டு. பல வருடங்கள் சுகர் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால், கால் மரத்துப் போவது போலவே இந்த நரம்பும் பாதிக்கப்படலாம். அடைப்பு எதுவும் இல்லாமலேயே இரைப்பை தாமதமாகக் காலியாகும் இந்த நிலைக்கு 'கேஸ்ட்ரோபரேசிஸ்' என்று பெயர். சுகர் தவிர, வயிற்றில் நடந்த ஆபரேஷன், சில வைரஸ் தொற்றுகள் ஆகியவையும் காரணமாகலாம். காரணமே தெரியாமல் வருவதும் உண்டு.

வயிறு உப்பினால் எல்லாருக்கும் இந்த நோய் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண அஜீரணத்துக்கும் இதே அறிகுறிகள்தான் வரும். உறுதி செய்ய வேண்டும் என்றால், முதலில் எண்டோஸ்கோபி செய்து புண்ணோ அடைப்போ இல்லை என்று பார்ப்பார்கள். அதன் பிறகு மிகக் குறைந்த அளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, அது எவ்வளவு நேரத்தில் வயிற்றை விட்டுப் போகிறது என்று ஸ்கேன் எடுப்பார்கள். நாலு மணி நேரம் கழித்தும் 10 சதவீதத்துக்கு மேல் உள்ளேயே இருந்தால் தாமதம் என்று அர்த்தம். இந்த ஸ்கேன் எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால், பல நேரங்களில் அறிகுறியை வைத்தே சிகிச்சை தொடங்கப்படுகிறது.

சுகர் இருப்பவர்கள் இதை ஏன் சாதாரணமாக விடக் கூடாது?

இன்சுலின் போடுபவர்கள் இந்தப் பகுதியை இன்னொரு தடவை படிக்கலாம். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடுகிறீர்கள். உணவு இரைப்பையிலேயே நின்றுவிட்டால், அதில் இருக்கும் சர்க்கரை ரத்தத்துக்கு வராது. ஆனால் இன்சுலின் சொன்ன நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும். விளைவு, சாப்பிட்ட பிறகும் சுகர் திடீரென இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம். சில மணி நேரம் கழித்து உணவு மெல்ல இறங்கும்போது, இன்சுலின் வேகம் குறைந்திருக்கும். இப்போது சுகர் எகிறும். "டயட்ல கரெக்டாதான் இருக்கேன், சுகர் மட்டும் ஏறி ஏறி இறங்குது" என்பவர்களில் சிலருக்குக் காரணம் வயிறாக இருக்கலாம். இன்னொரு சிக்கல், ரத்தத்தில் சுகர் அதிகமாக இருந்தாலே இரைப்பையின் வேகம் மேலும் குறையும். ஒன்றை ஒன்று கெடுத்துக்கொண்டே போகும்.

இது மாதிரி இருந்தால் கேஸ் மாத்திரையோடு நிறுத்தாமல், சுகர் பார்க்கும் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்சுலின் போடும் நேரத்தையோ அளவையோ அவர் மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்களாக மாற்ற வேண்டாம்.

டோம்பெரிடோன்: ஒரு கேப்ஸ்யூலில் ஒரு நாள் அளவு

மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியிலும், இரைப்பையிலும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுப்பதுதான் டோம்பெரிடோன் செய்வது. 1970களில் பெல்ஜியத்தின் ஜான்சன் நிறுவனம் உருவாக்கிய மருந்து இது. மூளைக்குள் அதிகம் நுழையாது என்பது இதன் பெரிய பிளஸ். மைனஸ், இதயத் துடிப்பின் மின்சார ஓட்டத்தை இது பாதிக்கலாம். இசிஜியில் 'க்யூ.டி' என்று குறிக்கப்படும் இடைவெளி நீண்டுபோய், அரிதாக உயிருக்கே ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம்.

இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய மருந்துகள் முகமை 2014ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. குமட்டல், வாந்திக்கு மட்டும் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மி.கி., நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது. பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. வயிறு உப்புசம், நெஞ்செரிச்சலுக்குக் கொடுப்பதையே அந்த முகமை நிறுத்தச் சொன்னது. அமெரிக்காவில் இந்த மருந்து விற்பனைக்கு அனுமதிக்கப்படவே இல்லை. வேறு மருந்து கேட்காத நோயாளிகளுக்கு மட்டும் தனி அனுமதி பெற்று அங்கே கொடுக்கிறார்கள்.

இப்போது நம்ம ஊர் கேப்ஸ்யூலுக்கு வருவோம். பெயருக்குப் பின்னால் 'டி' அல்லது 'டி.எஸ்.ஆர்' என்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே டோம்பெரிடோன் இருக்கும். அட்டையின் பின்பக்கம் அளவைப் பாருங்கள். மெதுவாகக் கரையும் வகையில் பெரும்பாலும் 30 மி.கி. என்று போட்டிருக்கும். அதாவது ஐரோப்பா சொல்லும் ஒரு நாள் உச்ச அளவு ஒரே கேப்ஸ்யூலில் முடிந்துவிடுகிறது. காலையில் இதைப் போட்டுவிட்டு, சாயங்காலம் குமட்டுகிறது என்று தனியாக டோம்பெரிடோன் 10 மி.கி. போட்டால் அளவு தாண்டிவிடும். இரண்டின் பெயரும் வேறு வேறு என்பதால் போடுபவருக்கே அது தெரியாது.

60 வயது தாண்டியவர்கள், நாளுக்கு 30 மி.கி.க்கு மேல் எடுப்பவர்கள் ஆகியோருக்கு இதய ஆபத்து அதிகம் என்றும் அதே ஆய்வில் சொல்லப்பட்டது. கல்லீரல் பாதிப்பு, ஏற்கெனவே இதய நோய், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு இருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். வாந்தியும் பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் குறையும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில மருந்துகளோடு இது சேரவே கூடாது. சளி, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், கீட்டோகோனசோல் மாத்திரைகள் அந்தப் பட்டியலில் உண்டு.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கேஸ்ட்ரோபரேசிஸ் உறுதியான சிலருக்கு மருத்துவர்களே இதை நீண்ட நாள் கொடுப்பதும் உண்டு. அப்போது இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, அவ்வப்போது கண்காணித்துக் கொடுப்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். கேள்வி இருந்தால் அவரிடமே கேளுங்கள்.

இதே வேலைக்கு வந்த சிசாப்ரைட் என்ற மருந்தின் கதை ஒரு உதாரணம். இதயத் துடிப்புக் கோளாறால் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொது விற்பனையில் இருந்து எடுக்கப்பட்டது. இந்தியாவில் 2011ல்தான் தடை வந்தது.

மற்ற மருந்துகள் எப்படி?

மெட்டோக்ளோபிரமைட். 'பெரினார்ம்' என்று சொன்னால் பலருக்குத் தெரியும். வாந்திக்கு ஊசியாகவும் போடுவார்கள். கேஸ்ட்ரோபரேசிஸுக்கு என்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது ஒன்றுதான். ஆனால் இது மூளைக்குள் நுழையும். ஊசி போட்ட அல்லது மாத்திரை போட்ட ஓரிரு நாளில், குறிப்பாகச் சின்ன வயதினருக்கு, கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளலாம், கண் மேலே செருகலாம், தாடை கோணலாம். வீட்டில் இருப்பவர்கள் வலிப்பு என்று பயப்படுவார்கள், சில வீடுகளில் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். இது மருந்தின் பக்கவிளைவு. மருத்துவமனைக்குப் போனால் மாற்று ஊசியில் சீக்கிரமே சரியாகிவிடும். என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற சீட்டை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மாதக்கணக்கில் எடுத்தால் வேறு ஆபத்து. உதடு, நாக்கு, தாடை தானாக அசைந்துகொண்டே இருக்கும் 'டார்டிவ் டிஸ்கைனீசியா' வரலாம். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு இது போவதில்லை. அமெரிக்காவின் எஃப்டிஏ 2009ல் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. 12 வாரத்துக்கு மேல் கூடாது என்பது அங்கே விதி. ஐரோப்பா 2013ல் இன்னும் இறுக்கியது: ஐந்து நாள் வரைதான்.

'எல்' என்று முடியும் சில கேப்ஸ்யூல்களில் லெவோசல்பிரைட் இருக்கும். வயதானவர்களுக்கு நீண்ட நாள் கொடுத்தால் கை நடுக்கம், நடை மந்தம் என்று பார்க்கின்சன் நோய் போலவே வரலாம். அப்பாவுக்குப் புதிதாகக் கை நடுங்குகிறது என்றால், நரம்பு டாக்டரிடம் போகும்போது வயிற்றுக்கான மாத்திரை அட்டையையும் காட்டுங்கள்.

டோம்பெரிடோன், மெட்டோக்ளோபிரமைட், லெவோசல்பிரைட் மூன்றுக்கும் பொதுவான ஒன்று, புரோலாக்டின் ஹார்மோன் கூடுவது. மாதவிடாய் தள்ளிப்போவது, குழந்தை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசிவது, ஆண்களுக்கு மார்பு வீங்குவது இதனால் நடக்கலாம். கூச்சத்தில் பலர் வெளியே சொல்வதில்லை, வேறு ஏதோ கட்டி என்று பயந்துகொண்டு இருப்பார்கள்.

ஒண்டான்செட்ரான், அதாவது 'எமிசெட்' போன்றவை, குமட்டலை நிறுத்தும். ஆனால் இரைப்பையின் வேகத்தைக் கூட்டாது. மலச்சிக்கல் வரலாம். இதற்கும் இசிஜி மாற்றம் உண்டு என்பதால் டோம்பெரிடோனோடு சேர்த்து நீங்களாகப் போடாதீர்கள். கர்ப்பிணிகளின் காலை நேர வாந்திக்கு டாக்ஸிலமைன், வைட்டமின் பி6 கலந்த மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பது வழக்கம். அது தனிக் கணக்கு, வீட்டில் இருக்கும் மற்ற வாந்தி மாத்திரையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு டோம்பெரிடோன் சொட்டு மருந்து கொடுக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. 12 வயதுக்குக் கீழ் இதற்கான அனுமதியைப் பிரிட்டன் 2019ல் எடுத்துவிட்டது. எதிர்பார்த்த பலன் இல்லை என்பதே காரணம்.

எடை குறைக்கும் ஊசி போடுகிறீர்களா?

செமக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் இப்போது நம்ம ஊரிலும் கிடைக்கின்றன. டிர்செபடைட் இந்தியாவுக்கு வந்தது 2025ல். பசி அடங்குவதோடு இரைப்பை காலியாவதையும் இவை மெதுவாக்கும். அதனால் முதல் சில வாரங்களிலும் டோஸ் ஏற்றும்போதும் குமட்டல் வருவது சகஜம். இதற்குத் தனியாக ஒரு மாத்திரை சேர்ப்பதைவிட, ஊசியின் அளவைக் குறைப்பதா என்று டாக்டரிடம் கேட்பதுதான் சரியான வழி. ஏதாவது ஆபரேஷன் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசி பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். வெறும் வயிறு என்று நீங்கள் நினைத்தாலும் உள்ளே உணவு இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

வலிக்குக் கொடுக்கும் டிராமடாலும், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் வயிற்றை மந்தமாக்கும். மெட்ஃபார்மினே சிலருக்குக் குமட்டும்.

எப்போது போட வேண்டும், என்ன சாப்பிடலாம்?

இரைப்பையை இயக்கும் மருந்துகளைச் சாப்பாட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்பு போட வேண்டும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வயிறு உப்பிய பிறகு போடுவதில் பெரிய பயன் இல்லை.

வயிறு மெதுவாக வேலை செய்பவர்களுக்கு நார்ச்சத்து நல்லது என்ற வழக்கமான அறிவுரை பொருந்தாது. முருங்கைக் கீரை, வாழைத்தண்டு, கொத்தவரங்காய், முழுப்பயறு எல்லாம் இரைப்பையில் தங்கிவிடும். சில சமயம் உருண்டையாகக்கூடச் சேரும். எண்ணெய், நெய், பரோட்டா சால்னா போன்ற கொழுப்பு உணவுகளும் தாமதப்படுத்தும். குழைந்த ரசம் சாதம், இட்லி, கஞ்சி, தோல் நீக்கி மசித்த காய் எளிதாக இறங்கும். மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதற்குப் பதில் ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம். சாப்பிட்டதும் படுக்காமல் கொஞ்சம் நடங்கள். கஞ்சியும் குழைந்த சாதமும் சுகரை வேகமாக ஏற்றும் என்பதால், சுகர் இருப்பவர்கள் அளவை டயட்டீஷியனிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது மாத்திரையைத் தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

காபித்தூள் நிறத்திலோ ரத்தமாகவோ வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கக் கஷ்டம், நேற்றுச் சாப்பிட்டது இன்று வாந்தியில் வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி தேவைப்படலாம். வயிறு வீங்கி, கடுமையாக வலித்து, காற்றும் மலமும் போகவில்லை என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது வயிற்றைத் தள்ளும் மருந்து போடுவது ஆபத்து. இந்த மருந்துகளை எடுக்கும்போது படபடப்போ மயக்கமோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே இசிஜி எடுங்கள்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, குமட்டல் சேர்ந்து வந்தால் அதைக் கேஸ் என்று முடிவு செய்யாதீர்கள். சுகர் இருப்பவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் குமட்டலும் வியர்வையுமாகக்கூட மாரடைப்பு வரலாம். மாத்திரை போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், 108க்கு போன் செய்யுங்கள்.