துப்பாக்கியை 'மாற்றும்' உரிமை

வாலாஜாபாத்துக்குப் பக்கத்திலுள்ள தென்னேரியில், ஏரி நிறைந்து கிடக்கும் மார்கழி நாட்களில் கரையோரம் நரிக்குறவர்கள் கூடாரம் போட்டிருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒரு கிழவர் துப்பாக்கி கெட்டிப்பதைச் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நார். 'இரு சாமி, அவசரப்பட்டா நம்மளையே சுட்டுடும்' என்பார். அதற்குள் கொக்கு பறந்துவிடும். 'போலீஸ்காரங்க மாதிரி தோட்டா போட வேண்டியதுதானே தாத்தா?' என்று கேட்டோம். 'தோட்டா சர்க்கார் சாமான் சாமி' என்று சிரித்தார். அந்தப் பதிலுக்குள் ஒரு வரலாறு இருப்பது வெகுநாள் கழித்தே எனக்கு உறைத்தது.

கருமருந்திலிருந்து உலோகத் தோட்டாவுக்கு மாறியதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்றே பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனால் மாற்றத்தின் தொடக்கத்தில் பலரும் புதுத் துப்பாக்கி செய்யவில்லை. பழையதைத்தான் திருத்தினார்கள். காஞ்சிபுரத்தில் பழைய தறி மேலேயே ஜக்கார்டு பெட்டியை ஏற்றிய மாதிரி. அமெரிக்காவில் கருமருந்து ரிவால்வரின் உருளைக்குப் பின்பக்கம் அடைப்பு இருந்தது. முன்பக்கமாகத்தான் மருந்தும் குண்டும் போட வேண்டும். உருளையைப் பின்பக்கம்வரை துளைத்துவிட்டால் தோட்டாவைச் செருகலாம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இப்படித் துளைக்கும் உரிமை ரோலின் ஒயிட் என்பவர் 1855இல் வாங்கிய காப்புரிமையில் பூட்டிக் கிடந்தது. சாவி ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியிடம். ரெமிங்டன் ராயல்டி கட்டித் தன் ரிவால்வர்களை மாற்றியது. கோல்ட் கம்பெனியோ 1869இல் காப்புரிமை காலாவதியாகும்வரை உருளையை நேராகத் துளைக்க முடியாமல் காத்திருந்தது. ஆக, கையில் உளியும் இரும்பும் இருந்தால் மட்டும் போதாது. மாற்றுவதற்கு 'உரிமை' வேண்டும்.

அங்கே சொத்துரிமை போட்ட பூட்டை இங்கே இனம் போட்டது. 1857இல் எழுச்சிக்குப் பொறியாக அமைந்தது என்ஃபீல்டு ரைஃபிளின் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா. எழுச்சி அடங்கியபின் வெள்ளை அரசு இரண்டு விதமான 'மாற்றங்களை'ச் செய்தது. ஒன்று, இந்தியச் சிப்பாய்களுக்கென வந்த 1858ஆம் ஆண்டு மாதிரி. வெளிப்பார்வைக்கு அதே என்ஃபீல்டு. குழலுக்குள் இருந்த சுருள் வரிகள் மட்டும் இல்லை. வழவழப்பான குழலிலிருந்து போகும் குண்டு தொலைவில் குறி தப்பும். மற்றொன்று, 1866இல் வந்த ஸ்னைடர் முறை. அதே என்ஃபீல்டின் பின்பகுதியை வெட்டிக் கீல் கதவு வைத்துத் தோட்டா போடும்படி செய்தார்கள். இது முதலில் வெள்ளைப் படைகளுக்கு. அவர்கள் மார்ட்டினி-ஹென்றிக்குப் போனபிறகுதான் ஸ்னைடர் சிப்பாய்களின் கைக்கு வந்தது. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால் நிறுத்துவது என்பதே கொள்கை. ஒரே துப்பாக்கியை ஒருவனுக்கு உயர்த்தியும் மற்றவனுக்குத் தாழ்த்தியும் 'மாற்ற' முடிந்திருக்கிறது. இதை வெறும் தொழில்நுட்பம் என்று நாம் எப்படிச் சொல்வது?

படைக்குள் இருந்த இந்தக் கோட்டை லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் ஊருக்குள்ளும் இழுத்தது. இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விலக்கு. சுதந்திர இந்தியாவின் 1959 சட்டம் இன பேதத்தை எடுத்துவிட்டாலும் கோட்டை அழிக்கவில்லை. அதன் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கென்று வருபவனுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியையே முதலில் காட்டுகிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு. குழலை வெட்டிக் குறுக்குவதற்கும் போலித் துப்பாக்கியை மெய்யாக மாற்றுவதற்கும் லைசென்ஸ் கேட்கிறது 6ஆம் பிரிவு. 2019இல் வந்த திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் அதில் சேர்த்துவிட்டது.

இன்று இத்தாலியில், கார்தோனே பள்ளத்தாக்கின் பட்டறைகளில், 1860களின் ரிவால்வர்களுக்கு நகல் தயாராகிறது. உலோகத் தோட்டா போட முடியாத நகலை 1968ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் 'பழம்பொருள்' என்கிறது. அதை வாங்குகிறவர் துளைத்த உருளை ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்கிறார். அரைமணி நேரத்தில் பத்து வருட வரலாற்றைத் தாண்டிவிடலாம். அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. தென்னேரிக் கிழவருக்கு நகல் தேவைப்படவில்லை. அவர் கையில் இருந்ததே அந்தக் காலம்தான்.

பின்தங்கிய கருவி என்று இரக்கப்பட்டு முடித்துவிடவும் கூடாது. கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றையும் கலக்கத் தெரிந்தவனுக்குத் தொழிற்சாலையின் தயவு வேண்டாம். தோட்டா வந்ததும் துப்பாக்கி வைத்திருப்பவன் தோட்டா செய்பவனிடம் மாட்டிக்கொள்கிறான். கிழவரின் துப்பாக்கி அவரைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தியது. அதேசமயம் அவருடைய மருந்து அவர் கையிலேயே இருந்தது. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியபோது அந்தக் கைத்திறனும் குற்றத்தின் பக்கம் தள்ளப்பட்டது. கொக்குகளைக் காப்பது சரிதான். அதன் விலையை யார் தலையில் கட்டினோம் என்பதுதான் கேள்வி. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர்வரை ஆயிற்று. துப்பாக்கியை மாற்றுவதற்கு மட்டுமல்ல, பட்டியலில் ஒரு பெயரை மாற்றுவதற்கும் உரிமை வேறு எவரிடமோதான் இருந்திருக்கிறது.