லொக் காட்டிய இலங்கையும் 1815 இன் உடன்படிக்கையும்

அரசியல் தத்துவம் படிக்கப் போனால் ஜோன் லொக் முதல் வருசத்திலேயே வந்துவிடுவார். இயற்கை உரிமை, சம்மதம், நம்பிக்கையை மீறுகிற ஆட்சியாளரை மக்கள் நீக்கலாம் என்று குறிப்பெழுதி, சோதினை முடிய மறந்துவிடுவோம். ஆனால் 1689 இல் வெளிவந்த அவருடைய அரசாங்கம் பற்றிய நூலில் எங்கட தீவும் வருகிறது. அதைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம்.

இரண்டாவது ஆய்வுரையின் 92ஆம் பந்தி அது. கட்டற்ற அதிகாரம் மனிசனை நல்லவனாக்கும் என்று நம்புகிறவர்களை லொக் நக்கலடிக்கிறார். இப்படியான ஆட்சி முற்றி முதிர்ந்தால் குடிமக்களுக்கு என்ன பாதுகாப்புக் கிடைக்கும் என்று பார்க்க வேண்டுமா, இலங்கை பற்றி அண்மையில் வந்த நூலைப் பாருங்கள் என்கிறார். அவ்வளவுதான், விளக்கம் ஒன்றும் இல்லை. படிக்கிறவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை.

அந்த நூல் றொபேர்ட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்டது. 1660 இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரத்தில் பிடிபட்டு, 19 வருசம் கண்டி இராச்சியத்தில் கிடந்தவர் அவர். சிறையில் இல்லை, ஊர்களில்தான். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679 இல் அநுராதபுரக் காடு தாண்டி, அருவியாற்றோரமாக நடந்து மன்னார் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவர் எழுதிய இரண்டாம் இராஜசிங்கன் சந்தேகப்பட்டவரையெல்லாம் கொல்லுகிற, கேள்வி கேட்க ஆளில்லாத அரசன்.

ஆனால் அதே நூலில் 1664 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் இருக்கிறது. லொக் அதைத் தொடவில்லை. நிலம்பையில் இருந்த அரண்மனையைக் கிளர்ச்சிக்காரர் இரவில் சூழ்ந்துகொள்ள, அரசன் மலைக்கு ஓடித் தப்பினான். அவனுடைய சின்ன மகனை அரசனாக்கப் பார்த்தார்கள். அரசனின் சகோதரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அரசனிடமே போய்விட்டாள். அதோடு கிளர்ச்சி குலைந்து போனது. அரசனைத் துரத்த முடிந்தது, அரசன் இல்லாமல் இருக்கத் தெரியவில்லை! ஹன்னா ஆரென்ட் 1970 இல் வன்முறை பற்றி எழுதிய சிறு நூலில் அதிகாரத்தையும் வன்முறையையும் பிரித்துப் பார்க்கிறார். அதிகாரம் ஆட்கள் சேர்ந்து நிற்பதால் வருவது, வன்முறை கருவிகளால் வருவது. நிலம்பையில் ஓர் இரவு ஆயுதம் கிளர்ச்சிக்காரரிடம் இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை என்றே எங்களுக்குப் படுகிறது.

இனி 1815. மார்ச் 2 இல் கண்டியில் ஆளுநர் பிறவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் செய்துகொண்ட உடன்படிக்கையை வாசித்தால் லொக்கின் குரல் கேட்கிற மாதிரி இருக்கும். டொயிலி லொக்கைப் படித்துத்தான் எழுதினார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை, தர்க்கம் ஒன்று. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் விசாரணையின்றிச் சித்திரவதையும் மரணதண்டனையும் கொடுத்தான், அரசனுக்குரிய கடமையை மீறினான், ஆகவே உரிமையை இழந்தான். குற்றச்சாட்டு பொய்யில்லை. ஏஹெலபொல ஆங்கிலேயரிடம் போனதற்காக 1814 இல் அவருடைய மனைவி பிள்ளைகளைக் கொன்றது நடந்ததுதான். நாயக்கர் வம்சம், தமிழ் பேசியவன் என்பதற்காக அவனுக்கு வக்காலத்து வாங்க வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை.

பிரச்சினை அடுத்த படியில். ஆட்சியாளன் உரிமையை இழந்தால் அது மக்களிடம் திரும்பும் என்பதுதான் லொக்கின் கணக்கு. நியாயமான போரில் வென்றவனுக்குக்கூடத் தோற்ற நாட்டு மக்களை ஆளும் உரிமை இல்லை என்று ஒரு முழு அத்தியாயமே எழுதியிருக்கிறார். 1815 இல் அது பிரித்தானிய முடிக்குப் போனது. சனத்திடம் ஒருத்தரும் கேட்கவில்லை. (லொக்கும் சுத்தமில்லைதான். அடிமைகள் மீது எசமானுக்கு முழு அதிகாரம் கொடுத்த 1669 கரோலினா யாப்பை வரைந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.)

உடன்படிக்கையின் ஆறாம் பிரிவு சித்திரவதையையும் உறுப்பு வெட்டுவதையும் தடை செய்கிறது. நல்லது. மூன்றாம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அரசனின் ஆண் உறவினர் எல்லாரும் எதிரிகள்; எழுத்தில் அனுமதி இல்லாமல் உள்ளே வந்தால் இராணுவச் சட்டத்தின் தண்டனை. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் திரும்பி வரக்கூடாது. என்ன செய்தான் என்ற கேள்வியே இல்லை, யாருக்குப் பிறந்தான் என்பது போதும். கொடுங்கோன்மையை முடிக்க எழுதிய தாளிலேயே இது கிடக்கு.

இரண்டரை வருசத்தில் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அடக்க அனுப்பிய கெப்பெட்டிபொல மறுபக்கம் சேர்ந்துகொண்டார். 1818 இல் கண்டி மாகாணங்கள் முழுக்க இராணுவச் சட்டம் வந்தது. ஊர்கள் எரிந்தன, வயல்கள் அழிந்தன. நவம்பர் 21 பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்தது, 26 இல் கெப்பெட்டிபொலவின் தலை வெட்டப்பட்டது. இராஜகாரியம் மட்டும் 1832 வரை போகவில்லை. றோட்டுப் போட ஆள் வேண்டும் தானே.

ஏஹெலபொலவையும் 1818 இலேயே சந்தேகத்தில் பிடித்தார்கள். 1825 இல் மொரிசியசுக்கு நாடுகடத்தினார்கள், 1829 இல் அங்கேயே இறந்தார். வழக்கு எதுவும் நடக்கவில்லை.