போட் மெயில்: எழும்பூரில் வாங்கிய கொழும்பு டிக்கெட்

(தண்டவாளத் தொடர் – 14)

அம்பத்தூர் பக்கத்து மேனாம்பேட்டில் இருக்கும் ஒருவர் கொழும்புக்குப் போக வேண்டும் என்றால், இன்று அவருக்குத் தோன்றும் வழி ஒன்றுதான். கார் பிடித்து மீனம்பாக்கம் போவது, அங்கே இரண்டு மூன்று மணி நேரம் வரிசை வரிசையாக நிற்பது, பிறகு அந்த நேரம்கூட ஆகாத ஒரு விமானப் பயணம். அவருடைய தாத்தாவுக்கு வேறு வழி இருந்தது. அம்பத்தூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் நிலையத்துக்குப் போய் “கொழும்புக்கு ஒன்று” என்று கேட்டால் டிக்கெட் கிடைக்கும். இந்தியப் பக்கத்து ரயில், நடுவில் கப்பல், இலங்கைப் பக்கத்து ரயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே டிக்கெட்தான்.

அந்த வண்டிக்கு ரயில்வே வைத்த பெயர் இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ். ஜனங்கள் கடைசிவரை ‘போட் மெயில்’ என்றே சொன்னார்கள். கப்பலுக்குத் தபால் கொண்டுபோகும் வண்டி, அவ்வளவுதான்.

1914-க்கு முன்பும் ரயிலும் கப்பலுமாகக் கொழும்பு போக முடிந்தது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் வண்டியில் தூத்துக்குடி வரை போய், அங்கிருந்து கப்பல். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி பிரிட்டிஷ் கம்பெனியோடு மோதியது இதே தூத்துக்குடி–கொழும்புத் தடத்தில்தான். அத்தனை பேர் போய்வந்த, அத்தனை வருமானம் தந்த தடம் அது. ஆனால் கடலில் ஓர் இரவு முழுக்கப் போகும். ராமேஸ்வரம் தீவின் முனைக்கே ரயிலைக் கொண்டுபோய்விட்டால், அங்கிருந்து தலைமன்னார் வெறும் 35 கிலோமீட்டர். குறுக்கே இருந்தது பாம்பன் கால்வாய். 1914 பிப்ரவரி 24 அன்று அதன் மேல் பாலம் திறந்தார்கள். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே எழும். அந்த ஆண்டே தனுஷ்கோடி துறையும், எதிர்க்கரையில் மதவாச்சி–தலைமன்னார் ரயில்பாதையும் தயாராகிவிட்டன.

எழும்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் பகலில் தனுஷ்கோடி. சுங்கச் சோதனை, மருத்துவச் சோதனை முடித்துக் கப்பல் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைமன்னார் துறை. அங்கே இலங்கை ரயில் காத்திருக்கும். மன்னார், மதவாச்சி, அனுராதபுரம், பொல்காவலை என்று இரவெல்லாம் ஓடி, விடிந்தால் கொழும்புக் கோட்டை. யாழ்ப்பாணம் போகிறவர்கள் மதவாச்சியில் வண்டி மாறுவார்கள். கண்டிக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போகிறவர்கள் பொல்காவலையில் இறங்குவார்கள்.

ரயில் பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கும் ஏற்பாடு அப்போதே ஐரோப்பாவில் இருந்தது. இத்தாலியில் மெசினா நீரிணையை இன்றைக்கும் ரயில்கள் கப்பலேறிக் கடக்கின்றன. இங்கே அதற்கு ஒரு தடை தண்டவாளத்தின் அகலம். எழும்பூரிலிருந்து தெற்கே போனது மீட்டர் கேஜ். இலங்கையில் போட்டது அகலப்பாதை, ஐந்தரை அடி. நம் மேனாம்பேட்டுத் தாத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1856-ல் ராயபுரத்திலிருந்து போட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதைதான் அம்பத்தூர் வழியாகப் போகிறது. அதுவும் அகலப்பாதை. ஆக, அகலப்பாதையில் கிளம்பி, எழும்பூரில் மீட்டர் கேஜுக்கு மாறி, கடலைத் தாண்டியதும் மறுபடி அகலப்பாதையில் ஏறியிருப்பார். இந்த அகலக் கதையை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

போட் மெயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகுப்பு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தே எழுதுகிறார்கள். கொலைக் கதை பிடித்தவர்கள் 1952-க்குப் போய்விடுவார்கள். ஆளவந்தார் கொலை வழக்கில் தலையில்லாத உடல் இருந்த டிரங்குப் பெட்டி மானாமதுரையில் இறக்கப்பட்டது இந்த வண்டியிலிருந்துதான். ஆனால் அந்தத் தடத்துக்குச் சோறு போட்டவர்கள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். கங்காணி திரட்டிய ஆட்கள், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தார், குடும்பம் குடும்பமாகத் தேயிலைக்கும் ரப்பருக்கும் போனவர்கள். அவர்களுக்குக் கப்பல் உடனே கிடைக்காது. பிளேக்கும் காலராவும் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று, முன்பு தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் முகாம் வைத்து, நாள் கணக்கில் நிறுத்தி, குளிப்பாட்டி, துணியை வேகவைத்து, ஊசி போட்டு அனுப்பினார்கள். பணக்காரப் பயணிக்கு மருத்துவர் ஒரு பார்வை பார்த்தால் சரி. ஒரே வண்டி, ஒரே கடல்; கிருமி மட்டும் வகுப்பு பார்த்து ஏறும் என்று யார் சொன்னார்களோ!

இப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை இலங்கையின் 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அதன் பிறகு பாஸ்போர்ட், விசா, அனுமதிச் சீட்டு என்று தாள்கள் பெருகின. காகிதம் இல்லாமல் கடந்தவருக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பட்டம். தாத்தா டிக்கெட் மட்டும் காட்டிப் போன வழியில் பேரன் ஆவணக் கட்டோடு நிற்க வேண்டியதாயிற்று.

அடுத்து 1964. அம்பத்தூர்க்காரர்களுக்கு அது தொழிற்பேட்டை பிறந்த ஆண்டு. ராமேஸ்வரத்துக்கு அது வேறு ஆண்டு. அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி சுமார் 1,50,000 பேர் கதி பிறகு. சம்பந்தப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல். பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் புதைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் துறையும் போயின. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் கடலுக்குள் விழுந்தன. ஈ.ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் கடலுக்குள் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர் இவர்தான்.

‘புயலோடு போட் மெயில் முடிந்தது’ என்று பலரும் சொல்கிறார்கள். சொல்ல வசதியான கதை. ஆனால் பாதிதான் உண்மை. முடிந்தது தனுஷ்கோடி. துறையை ராமேஸ்வரத்துக்கு மாற்றிக்கொண்டு கப்பல் இன்னும் இருபது ஆண்டுகள் ஓடியது. ‘ராமானுஜம்’ என்ற கப்பலை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த இருபது ஆண்டுகளில்தான் ஒப்பந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் இலங்கை மலையகத்திலிருந்து ‘கோச்சி’யில், அதாவது ரயிலில், தலைமன்னார் வந்து, கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, தாங்கள் பார்த்தே இராத ‘சொந்த ஊர்’களுக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து பறித்தார்கள். தாத்தாவும் பாட்டியும் ஊசி போட்டுக்கொண்டு போன அதே மண்டபம் வழியாகத் திரும்பி வந்தவர்கள்.

கப்பலை நிறுத்தியது இலங்கையின் உள்நாட்டுப் போர். அங்கே நடந்த 1983 கலவரத்துக்குப் பின் சேவை தள்ளாடி, 1984-ல் நின்றுபோனது. கடல் கடப்பது மட்டும் நிற்கவில்லை. ராமேஸ்வரம் கரையில் படகுகளில் வந்து இறங்கியவர்களைக் கொண்டு முகாம்கள் நிரம்பின. மேனாம்பேட்டுக்கு அந்தப் பக்கம், புழல் காவாங்கரையிலும் அப்படி ஒரு முகாம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிப் போய்வந்த கடலை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவர்கள் நம் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள்.

நமக்கு மட்டும்தான் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் எல்லை தாண்டும் ரயில்கள் எல்லாமே அரசியலின் மூச்சில் ஓடுகிறவை. அட்டாரி–லாகூர் சம்ஜவுதா எக்ஸ்பிரஸ் 1976-ல் தொடங்கி 2019 ஆகஸ்டில் நின்றது. ராஜஸ்தான் பக்கத்துத் தார் எக்ஸ்பிரஸும் அதே மாதம். கொல்கத்தா–டாக்கா மைத்ரி எக்ஸ்பிரஸ் 2008-ல் வந்தது. 2024-ல் டாக்கா கலவரத்தின்போது நின்றது. நேபாளத்துக்கு மட்டும் நிலைமை பரவாயில்லை. பீகாரின் ஜெயநகரிலிருந்து ஜனக்பூர் பக்கம் 2022-ல் அகலப்பாதையில் ரயில் விட்டார்கள்.

இனி அந்த அகலக் கதை. ராமேஸ்வரம் பாதை 2007-ல் அகலப்பாதை ஆனது. போரில் அழிந்த தலைமன்னார் பாதையை இந்தியக் கடனில் இந்திய நிறுவனமான இர்கான் மறுபடி போட்டது. 2015 மார்ச் 14 அன்று தலைமன்னார் துறைக்கு ரயில் வந்தது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. இதன் நடுப்பகுதி பிரிவதில்லை, செங்குத்தாக மேலே போகிறது. ஆக, வெள்ளைக்காரன் காலத்தில் ஒத்துப்போகாத இரண்டு கரைத் தண்டவாளங்களும் இன்று ஒரே அகலம். அதைவிட வேடிக்கை, மேனாம்பேட்டுக்காரர் அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி வில்லிவாக்கம் தாண்டும்போது ஐ.சி.எஃப். வளாகம் வரும். அங்கே செய்த டீசல் ரயில்கள் 2010-களில் கப்பலேறி இலங்கைக்குப் போய் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெட்டிக்குக் கப்பல் கிடைத்தது. அதில் உட்கார வேண்டியவருக்குத்தான் கிடைக்கவில்லை.

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. 2011-ல் தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் வந்து சில மாதங்களில் நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு மறுபடி வந்தது. நல்லதுதான். ஆனால் அங்கே ரயிலும் கப்பலும் ஒரே டிக்கெட்டில் கோக்கப்படவில்லை. ராமேஸ்வரம்–தலைமன்னார் சேவையை விரைவில் தொடங்க முயல்வோம் என்று 2024 டிசம்பரில் இரு நாடுகளும் கூட்டறிக்கையில் கூறின. விடுதலைப் புலிகளின் கடற்படையான கடற்புலிகள் இல்லை, போர் இல்லை, பாலம் புதிது, பாதை புதிது. இதற்கு மேலும் இயற்கையின் மீது பழி போட வழியில்லை. குறைவது ஒரு துறை, ஒரு கப்பல், இரண்டு அரசுகளின் மனசு.

அம்பத்தூர், ஆவடி, புழல் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பழைய போட் மெயில் டிக்கெட், மண்டபம் முகாம் அட்டை, தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, அது யாருடையது, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று நான்கு வரி எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். இந்தத் தொடரில் மண்டபம் முகாமுக்கென்று ஒரு தனி அத்தியாயம் வரவிருக்கிறது.