தராசில் நிறுத்த உணவு: வலிப்பு நோய்ச் சிகிச்சையின் ஒரு வரலாறு

குழந்தைகளின் வலிப்பு நோய்க்குத் தரப்படும் கீட்டோஜெனிக் உணவுமுறை 1920களில் அமெரிக்காவில் உருவானது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்பதை மருத்துவர்கள் கண்டிருந்தனர். வளரும் குழந்தையை நெடுநாள் பட்டினி போட முடியாது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால், பட்டினியில் உண்டாகும் கீட்டோன்கள் சாப்பிடும் குழந்தையின் உடலிலும் உண்டாகும் என்று மேயோ கிளினிக்கின் ரஸல் வைல்டர் 1921இல் முன்வைத்தார். அங்கேயே பணியாற்றிய பீட்டர்மன் 1925இல் அளவுகளை வகுத்தார்: உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம், நாளுக்கு 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து, மீதி கொழுப்பு. குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் முன் பெற்றோருக்கு இதைக் கற்றுத்தர வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார்.

கற்றுத்தரும் பொறுப்பு மருத்துவமனையின் உணவியல் நிபுணர்களைச் சேர்ந்தது. எடையில் கொழுப்பு நான்கு பங்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு என்ற வழக்கமான 4:1 விகிதத்தில் கலோரிகளில் 90 சதவீதம் கொழுப்பிலிருந்து வர வேண்டும். முட்டை, வெண்ணெய், பாலேடு, காய் எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும். குழந்தை தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. கிண்ணத்தில் ஒட்டிய பாலேட்டையும் வழித்து ஊட்ட வேண்டும். இருமல் மருந்தில் உள்ள சர்க்கரைகூடக் கணக்கைக் கெடுத்துவிடும்.

1938இல் ஃபெனிடாயின் மருந்தின் பயன் தெரியவந்ததும் மருத்துவர்களின் கவனம் மாத்திரைகள் பக்கம் திரும்பியது. உணவுமுறையில் பயிற்சி பெற்ற நிபுணர்கள் குறைந்தனர். சரியாகக் கணக்கிடாத உணவு பலன் தராதபோது, பழி உணவுமுறையின் மேலேயே விழுந்தது.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அந்த மரபு அறுபடவில்லை. மருத்துவர் ஜான் ஃப்ரீமனுடன் உணவியல் நிபுணர் மில்லிசென்ட் கெல்லி அதைக் காத்துவந்தார். மருந்துகளுக்கு அடங்காத வலிப்பால் துன்புற்ற தம் மகன் சார்லியைத் திரைப்பட இயக்குநர் ஜிம் ஏப்ரஹாம்ஸ் 1990களின் தொடக்கத்தில் அங்கே கொண்டுசென்றார். வலிப்பு நின்றது. 1994இல் அவர் நிறுவிய சார்லி அறக்கட்டளை இந்த உணவுமுறையை மீண்டும் மருத்துவ உலகின் பார்வைக்குக் கொண்டுவந்தது.

உறுதியான சான்று 2008இல் லண்டனிலிருந்து வந்தது. 145 குழந்தைகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வை எழுதியவர்களில் முதலாமவரான எலிசபெத் நீல் ஓர் உணவியல் நிபுணர். மூன்று மாதங்களில், உணவுமுறையைப் பின்பற்றிய குழந்தைகளில் 38 சதவீதத்தினருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. மற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கே அப்படிக் குறைந்தது.

இன்று இந்தச் சிகிச்சை பல நாடுகளில் நடக்கிறது. இந்திய நிபுணர்கள் நெய், பன்னீர், தேங்காய் எண்ணெய் கொண்டு உணவுப் பட்டியல் வகுக்கிறார்கள். பட்டியல் எதுவானாலும், அதைக் குழந்தையின் வளர்ச்சிக்கும் வீட்டுச் சமையலுக்கும் பொருந்த அவ்வப்போது திருத்தித் தரும் நிபுணர் இல்லாமல் சிகிச்சை நிலைப்பதில்லை.