தொடக்க உயிரிகளின் ஏற்பும் புறக்கணிப்பும்: போக்கிமான் விளையாட்டுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

போக்கிமான் நிகழ்பட விளையாட்டுத் தொடரில் ஆட்டக்காரர் மூன்று உயிரிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தம் பயணத்தைத் தொடங்குகிறார். இம்மூன்றும் சமநிலையில் வழங்கப்பட்டாலும் பின்னாளில் சில பெரும் புகழ் பெறுகின்றன, சில மறக்கப்படுகின்றன. ஆட்டம் கடினமாவதே புறக்கணிப்புக்குக் காரணம் என்பது பரவலான விளக்கமாகும். அவ்விளக்கம் போதுமானதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 1996 முதல் 2013 வரை வெளிவந்த விளையாட்டுகளில் பாதையின் அமைப்பு, இறுதி வடிவம் தரும் ஈடு, பிற ஊடகங்களில் கிடைத்த இடம், உடன்வந்த உயிரிகளோடான ஒப்பீடு ஆகிய நான்கும் இணைந்தே ஓர் உயிரியின் நிலையைத் தீர்மானித்தன என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: போக்கிமான், தொடக்க உயிரி, சிக்கோரீட்டா, விளையாட்டு வரலாறு, ஏற்புக் கோட்பாடு, வெகுமக்கள் பண்பாடு.

முன்னுரை

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காகப் போக்கிமான் சிவப்பு, பச்சை என்னும் இரு பதிப்புகள் வெளியாயின. சதோஷி தஜிரியின் தலைமையில் கேம் ஃப்ரீக் நிறுவனம் இவற்றை உருவாக்கியது. 151 உயிரிகள் இடம்பெற்ற இவ்விளையாட்டின் தொடக்கத்தில் பேராசிரியர் ஒருவர் புல், நெருப்பு, நீர் ஆகிய வகைகளைச் சார்ந்த மூன்று உயிரிகளை முன்வைத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். நெருப்பு புல்லை வெல்லும். புல் நீரை வெல்லும். நீர் நெருப்பை வெல்லும். இவ்வட்டத்தில் எதுவும் மேலன்று, எதுவும் கீழன்று. எனவே பின்னாளில் எழுந்த ஏற்றத்தாழ்வு அவ்வட்டத்திலிருந்து பிறந்ததன்று. அது எங்கிருந்து பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

சான்றுகளின் இயல்பு

விருப்பத்தின் வரலாற்றை எழுதுவோர் முதலில் தம் சான்றுகளின் எல்லையை உணர்தல் வேண்டும். தொடக்கக் கால ஆட்டக்காரர்கள் எந்த உயிரியைத் தேர்ந்தனர் என்பது அவரவர் கார்ட்ரிட்ஜில் மட்டுமே பதிவானது. அக்கருவிகளுக்கு இணைய இணைப்பு இல்லை. பதிவைக் காத்தது சிறு மின்கலம். அது தீர்ந்தால் பதிவும் அழியும். இன்று நமக்குக் கிடைப்பவை பிற்கால வாக்கெடுப்புகளே. 2016இல் 720 உயிரிகளை முன்வைத்து ஜப்பானில் நடந்த வாக்கெடுப்பிலும், 2020இல் கூகுள் தேடல்வழி நடந்த வாக்கெடுப்பிலும் கிரெனிஞ்சா முதலிடம் பெற்றது. பின்னதில் அது பெற்ற வாக்குகள் 1,40,559. அதே வாக்கெடுப்பில் முதல் தலைமுறை உயிரிகளுள் சாரிசார்ட் முன்னின்றது. கிரெனிஞ்சா, சாரிசார்ட் ஆகிய இரண்டும் தொடக்க உயிரிகளின் இறுதி வடிவங்கள்.

இவ்வாக்குகள் ஆட்டத்தின் தொடக்கத்தில் நிகழ்ந்த தேர்வை அளக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து எஞ்சிய நினைவையே அளக்கின்றன. தேர்வு வேறு, நினைவு வேறு. இவ்வேறுபாட்டை மறந்தால், பலர் தேர்ந்தெடுத்தும் நினைவில் நில்லாத உயிரிக்கும், சிலரே தேர்ந்தெடுத்தும் எல்லோரும் அறிந்த உயிரிக்கும் வேறுபாடு காண இயலாது.

பாதையின் அமைப்பு: சிக்கோரீட்டா

புறக்கணிப்புக்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சுட்டப்படுவது சிக்கோரீட்டா. 1999 நவம்பர் 21 அன்று ஜப்பானில் வெளியான தங்கம், வெள்ளி பதிப்புகளில் இடம்பெற்ற புல் வகை உயிரி இது. இதனுடன் வந்தவை நெருப்பு வகையைச் சார்ந்த சிண்டாக்வில், நீர் வகையைச் சார்ந்த டோட்டோடைல்.

இவ்விளையாட்டில் ஆட்டக்காரர் எட்டுப் பயிற்சிக்கூடத் தலைவர்களை வரிசையாக வெல்ல வேண்டும். முதல்வர் பறத்தல் வகையையும் இரண்டாமவர் பூச்சி வகையையும் ஆள்பவர். இவ்விரண்டும் புல்லை எளிதில் வீழ்த்துபவை. நான்காமவரின் பேய் உயிரிகள் நச்சு வகையும் கலந்தவை ஆதலின் புல் தாக்குதலைப் பாதியாகக் குறைக்கின்றன. ஆறாமவரின் எஃகும் எட்டாமவரின் டிராகனும் புல்லைத் தாங்குபவை. ஏழாமவரின் பனி புல்லை வீழ்த்துவது. எட்டுக் கூடங்களின் சிறப்பு வகைகளுள் ஒன்றுகூடப் புல்லுக்கு இளகியதன்று. ஐந்தாமவரிடமும் ஏழாமவரிடமும் உள்ள நீர்க்கலப்பு உயிரிகள் சிறு ஆறுதல். இடையிடையே எதிர்ப்படும் ராக்கெட் கும்பலும் நச்சு வகை உயிரிகளை மிகுதியாகக் கொண்டது.

இதன் வேர் வகைகளின் கணக்கிலேயே உள்ளது. அப்போதிருந்த 17 வகைகளுள் புல்லை எளிதில் வீழ்த்துபவை ஐந்து. நெருப்பை வீழ்த்துபவை மூன்று. நீரை வீழ்த்துபவை இரண்டு. புல் தாக்குதலைத் தாங்கும் வகைகளோ ஏழு. மூன்றுக்கு இடையே சமநிலை காட்டிய வட்டம் பதினேழுக்கு இடையே குலைந்துவிடுகிறது.

மேலும், சிக்கோரீட்டாவின் இறுதி வடிவமான மெகானியத்தின் ஆற்றல் தற்காப்பில் குவிந்துள்ளது. அதன் தற்காப்பும் சிறப்புத் தற்காப்பும் தலா 100. தாக்குதல் 82, சிறப்புத் தாக்குதல் 83. உடன்வந்த டைஃப்ளோசனின் சிறப்புத் தாக்குதல் 109. ஃபெராலிகேட்டரின் தாக்குதல் 105. மனிதர் இருவர் மோதும் போட்டியில் தற்காப்பு மதிப்புடையது. கதைவழி ஆட்டத்திலோ எதிரியை விரைந்து வீழ்த்துவதே பயன் தருவது. காவல் அரண் எழுப்பியும் நஞ்சு தூவியும் காத்திருக்கும் மெகானியத்தின் வித்தைகள் அங்கே விலைபோவதில்லை. புல் வகை வேண்டுவோர்க்குப் பயணத்தின் தொடக்கத்திலேயே பெல்ஸ்ப்ரௌட் வழியில் கிடைக்கிறது. நெருப்பு வகை உயிரிகளோ அக்கட்டத்தில் அரியவை. ஆகவே சிக்கோரீட்டாவுக்கு எளிதில் பதிலி உண்டு, சிண்டாக்விலுக்கு இல்லை.

எதிர்ச்சான்று: சார்மாண்டர்

இவ்விளக்கத்தோடு நிறைவடைந்தால் ஒரு தடை எழுகிறது. முதல் தலைமுறையில் கடினமான தேர்வு சார்மாண்டர். முதல் கூடத்தின் பாறையும் இரண்டாம் கூடத்தின் நீரும் நெருப்பை வீழ்த்துபவை. அதே கூடங்களில் புல்பசோருக்கு வெற்றி எளிது. பாறையும் மண்ணும் கலந்த முதல் தலைவரின் உயிரிகளை அதன் புல் தாக்குதல் நான்கு மடங்கு தாக்கும். மூன்றாம் கூடத்தின் மின்சாரத்தையும் அது தாங்கும். கடினமே புறக்கணிப்புக்குக் காரணம் எனின் சார்மாண்டர் மறக்கப்பட்டிருக்க வேண்டும். புல்பசோர் முடிசூடியிருக்க வேண்டும். நிகழ்ந்தது நேர்மாறு.

இரு கடினங்களுக்கும் இடையிலான வேறுபாடு அவற்றின் முடிவில் உள்ளது. சார்மாண்டரைச் சுமந்தவர்க்கு இறுதியில் இறக்கை விரித்து நெருப்புமிழும் சாரிசார்ட் கிடைக்கிறது. தொடக்கத்தின் இடர் பிற்காலப் பெருமிதத்தின் முன்கதையாக மாறுகிறது. சிக்கோரீட்டாவைச் சுமந்தவர்க்கோ இடர் பின்னரும் தொடர்கிறது. தோற்றமும் அமைதியானதாகவே நிற்கிறது. ஈடு கிடைத்த இடர் கதையாகிறது. ஈடு கிடைக்காத இடர் குறையாகிறது.

பிற ஊடகங்களின் பங்கு

ஈடு விளையாட்டுக்குள் மட்டும் கிடைப்பதன்று. ஜப்பானின் சிவப்புப் பதிப்பு அட்டையில் சாரிசார்டும் பச்சைப் பதிப்பு அட்டையில் வீனசோரும் இடம்பெற்றன. 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியானபோது பதிப்புகள் சிவப்பு, நீலம் என்றாயின. அட்டைகளில் சாரிசார்டும் பிளாஸ்டாய்சும் நின்றன. ஜப்பானில் அட்டையைப் பெற்றிருந்த வீனசோர் மேலைநாட்டுக் கடைகளில் அதை இழந்தது. 2013இல் வந்த எக்ஸ், ஒய் பதிப்புகளில் சாரிசார்டுக்கு இரண்டு மெகா வடிவங்களும் மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்றும் வழங்கப்பட்டன. புகழ் மேலும் புகழை ஈன்றது.

1997 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய தொலைக்காட்சித் தொடரின் சான்று இன்னும் வலியது. கதைத்தலைவன் சதோஷி (ஆங்கில வடிவில் ஆஷ்) முதல் தலைமுறையின் மூன்று தொடக்க உயிரிகளையும் பெற்றான். புல்பசோர் வளர மறுத்தது, ஸ்குவர்ட்டிலும் வளரவில்லை, சார்மாண்டர் மட்டும் சாரிசார்டாயிற்று. இரண்டாம் தலைமுறையின் மூன்றும் அவனிடம் இருந்தன. அவற்றுள் ஒன்றும் இறுதி வடிவத்தை எட்டவில்லை. சிக்கோரீட்டா பேலீஃப் என்னும் இடைவடிவத்தோடு நின்றது. ஆறாம் தலைமுறையில் அவனுடைய ஃப்ரோக்கி கிரெனிஞ்சாவாக வளர, தோழர்களின் செஸ்பின் வளராமலும் ஃபென்னெகின் இடைவடிவத்திலும் நின்றன. வாக்கெடுப்புகளில் முன்னிற்கும் இரு இறுதி வடிவங்களும் கதைத்தலைவனின் கையில் முழுவளர்ச்சி பெற்றவை என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. எனினும் இது விதியன்று. வளர மறுத்த பிப்லப் தன் சிறு வடிவத்திலேயே பரவலாக விரும்பப்படுகிறது.

ஒப்பீட்டின் நிழல்

நான்காம் காரணம் அண்டை உயிரிகள். 2010இல் வெளிவந்த கறுப்பு, வெள்ளை பதிப்புகளின் டெப்பிக், நெருப்பும் சண்டையும் கலந்த எம்போராக வளர்கிறது. இதே கலப்பு 2002இல் பிளேசிகெனிலும் 2006இல் இன்ஃபர்னேப்பிலும் வந்தது. எம்போர் முதலில் தோன்றியிருந்தால் புதுமையாகக் கருதப்பட்டிருக்கும். மூன்றாவதாக வந்தமையால் சலிப்புக்கு இலக்காயிற்று. 2013இன் டெல்ஃபாக்ஸ் உளவகைக் கலப்போடு வந்து இவ்வரிசையை முறித்தது. ஆயினும் அதுவும் செஸ்நாட்டும் கிரெனிஞ்சாவின் நிழலில் நின்றன. இவை தம் குறையால் அன்றி, முன்வந்தவற்றாலும் உடன்வந்தவற்றாலும் தாழ்ந்தவை.

முடிவுரை

மேற்கண்டவற்றால், புறக்கணிப்பு உயிரியின் உள்ளார்ந்த இயல்பன்று என்பது பெறப்படுகிறது. சிக்கோரீட்டா பாதையாலும் ஈடின்மையாலும், வீனசோர் அட்டை இழப்பாலும், எம்போர் வரிசையில் வகித்த இடத்தாலும் பின்தங்கின. ஒரே விளைவுக்குக் காரணங்கள் பலவாதலின், இவற்றை ஒரே பட்டியலில் இட்டு வரிசைப்படுத்துவது வரலாற்று முறைக்கு ஒவ்வாது.

இந்நிலை மாறக்கூடியது என்பதும் கருதத்தக்கது. 2025 அக்டோபர் 16 அன்று வெளியான லெஜன்ட்ஸ் இசட்-ஏ விளையாட்டில் சிக்கோரீட்டாவும் டெப்பிக்கும் டோட்டோடைலும் மீண்டும் தொடக்க உயிரிகளாயின. பழைய பாதையின் எட்டுக் கூடங்கள் அங்கில்லை. பாதை மாறியபின் மதிப்பு மாறுகிறதா என்பதை வருங்கால ஆய்வுகள் காணலாம். அதற்குள் பழைய கார்ட்ரிட்ஜ்களின் மின்கலங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. முதல் தலைமுறை ஆட்டக்காரர்களின் தேர்வுகளை வாய்மொழியாகவேனும் தொகுப்பது விளையாட்டு வரலாற்றாய்வின் உடனடிக் கடமையாகும்.