அணைக்காதே! – ஒரு சிவப்பு மைச் சீட்டு பிறந்த கதை

மெயின்ஃபிரேம் காலத்தில் எது முக்கியமான கணினி என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. அதற்கென்று தனி அறை, குளிர்சாதனம், ஷிஃப்ட் போட்டு வேலை பார்க்கும் ஆபரேட்டர்கள். கதவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சர்வர் அந்த அறையை விட்டு ஒருவருடைய மேசைக்கு வந்தபோதுதான் வம்பு தொடங்கியது.

ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில், பின்னாளில் வெப் ஆக வளர்ந்த ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். ‘தெளிவில்லை, ஆனாலும் சுவாரஸ்யம்’ என்கிற தொனியில் அதன் மேல் கிறுக்கி வைத்தார் மேலதிகாரி மைக் செண்டால். ஆனால் 1990 செப்டம்பரில் நெக்ஸ்ட் கணினி ஒன்று வாங்கிக்கொள்ளச் சம்மதித்தவரும் அவர்தான். ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸின் கம்பெனி தயாரிப்பு. ஓரடிக் கனசதுரத்தில் கறுப்புப் பெட்டி. ஆண்டு முடிவதற்குள் உலகின் முதல் வெப் சர்வர் அதில் ஓடியது. பெர்னர்ஸ்-லீ புரோகிராம் எழுதியதும் அதே பெட்டியில்தான். வழியில் போகிறவருக்கு அது இன்னுமோர் ஆபீஸ் கணினி. கரண்ட் வீணாகிறதே என்று ஒரு புண்ணியவான் அணைத்திருந்தால், வெப் மொத்தமும் அன்றைக்கு அவுட்!

1991இல் நிக்கோலா பெல்லோவின் எளிய பிரவுசர் வந்தது. நெக்ஸ்ட் இல்லாதவர்களும் உள்ளே வந்தார்கள். செர்னின் டெலிபோன் டைரக்டரியையே வெப்பில் தேட முடிந்தது.

அந்தப் பெட்டியின் முகப்பில் ஒரு வெள்ளைச் சீட்டு. இந்த மிஷின் ஒரு சர்வர், அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையில், கையெழுத்தில், இரண்டு ஆச்சரியக்குறிகளோடு. எந்த சர்வர் உயிர்நாடி என்று சொல்ல இதைவிடச் சிக்கனமான ஆவணத்தை நான் பார்த்ததில்லை. நின்றுபோனால் யாருக்கு வேலை கெடும் என்பது மட்டும் அதில் இல்லை.

அதை எழுதச் சொல்லும் படிவங்கள் பின்னால் வந்தன. அமெரிக்க அரசுத் துறைகளுக்காக 2004இல் வெளியான ‘ஃபிப்ஸ் 199’ தரநிலை மூன்று கேள்வி கேட்கிறது: தகவல் வெளியே கசிந்தால், யாராவது திருத்திவிட்டால், தேவைப்படும்போது கிடைக்காமல் போனால் எவ்வளவு சேதம்? ஒவ்வொன்றுக்கும் குறைவு, மிதம், அதிகம் என்று பதில். மூன்றில் எது அதிகமோ அதுவே அந்த அமைப்பின் தரம் என்றது 2006இல் வந்த ‘ஃபிப்ஸ் 200’. பெர்னர்ஸ்-லீயின் பெட்டி ஊருக்குக் காட்டிய பக்கங்களில் மறைக்க ஒன்றுமில்லை. முதல் கேள்வியில் அது தேறியிருக்காது. சீட்டு ஒட்ட வைத்தது மூன்றாவது கேள்விதான்.